பிராங்பர்ட்டுக்குக் கோடம்பாக்கம் தூரம்

லாசரஸிடம் நேரம் கேட்டால் ஸ்டேஷன் பெயர்தான் பதிலாகக் கிடைக்கும். முகச்சவரம் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றால் குரோம்பேட்டை. சோறு வேக பல்லாவரம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டுபோனால், கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "பாஸ்டர் இன்னிக்கு எழும்பூர் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டார்" என்பார். கேட்கிறவர்களுக்கும் அது புரியும். தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்குகிற ஜனங்களுக்கு அதைவிடப் பெரிய கடிகாரம் எதற்கு?

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் கிளார்க் வேலை கிடைத்து வந்தவர், மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு பிடித்து அங்கேயே ஊன்றிவிட்டார். நல்ல மனுஷன். கடன் கேட்டால் கொடுப்பார், காய்ச்சல் என்றால் வந்து பார்ப்பார். ஒரே ஒரு கோளாறு, வாயில் வந்த வார்த்தையை வாபஸ் வாங்கத் தெரியாது. "சொன்னா சொன்னதுதான்" என்பதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிவார். அந்தப் பெருமையைக் கட்டி மேய்த்தது என்னவோ அவருடைய சம்சாரம் தபீதாள்தான், பாவம்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ஹில்டா ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். இளையவன் ஜெபசீலன் லண்டனில். வீட்டில் சீலன் என்று கூப்பிடுவார்கள். பி.ஏ. முடித்துவிட்டுப் போனவன் அங்கே பஸ் டிப்போவில் ராத்திரி ஷிப்ட் பார்த்தான். அது லாசரஸுக்குத் தொண்டையில் சிக்கிய முள். "துரைமார் ஊர்ல போய் பஸ் கழுவுறதுக்கா நான் பீஸ் கட்டினேன்?" என்று மாதம் ஒருதரமாவது கேட்டுவிடுவார். போதாக்குறைக்கு, காலேஜ் நாட்களில் சீலன் வீட்டுக்கு லேட்டாக வந்து "ட்ரெயின் லேட்டுப்பா" என்று அளந்த கதைகள் ஒன்றிரண்டு, அப்பா ஸ்டேஷனில் போய் விசாரித்ததில் வெளுத்துப்போயிருந்தன. அன்றிலிருந்து அவன் எது சொன்னாலும் அவருக்கு ஒரு சந்தேகம்.

அறுபத்தாறாம் வருஷக் கடைசியில் ஹில்டாவுக்கு வரன் அமைந்தது. பையன் செல்வநேசன், பாளையங்கோட்டைக்காரன், அதே பிராங்பர்ட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை. ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, அந்த ஊர்ச் சர்ச்சிலேயே கல்யாணம். இரண்டு வீட்டுக்கும் பரம சந்தோஷம். ஆனால் போவது யார்? அந்தக் காலத்தில் சீமைக்குப் போகப் பணமும் வேண்டும், சர்க்கார் அனுமதியும் வேண்டும். லாசரஸ் முதலாவதிலேயே தோற்றுப்போனதால் இரண்டாவதைப் பற்றி யோசிக்கவேண்டிய தொல்லை இருக்கவில்லை.

தாம்பரம் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு சபையார் முன்பாக அறிவிக்கிற வழக்கம் அது. லாசரஸ் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. மணப்பெண்ணைத் தகப்பன் கைபிடித்துப் பீடம் வரைக்கும் நடத்திக்கொண்டு போகவேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் கூடப்பிறந்தவன். "யாருமில்லைன்னா பரவாயில்லைப்பா, நான் தனியா நடந்து போயிடுவேன்" என்று ஹில்டா எழுதியிருந்தாள். சாதாரணமாகத்தான் எழுதியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து இந்த மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அநாதைப் பிள்ளை மாதிரி தனியா போவாளா? நான் உயிரோட இருக்கும்போதா?" என்றார் தபீதாளிடம். "சீலன் போகணும். அவன் கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா நான் போன மாதிரி."

சீலனுக்கு எழுதினார்கள். அவனும் உடனே பதில் போட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்ட், லீவு கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள். சனிக்கிழமை காலையில் வேலை முடிந்து முதல் விமானத்தைப் பிடித்தாலும் மத்தியானத்துக்கு மேல்தான் போய்ச் சேரமுடியும். அங்குள்ள பாதிரியார் காலை பத்து மணிக்கும் நடத்தலாம், மூன்று மணிக்கும் நடத்தலாம் என்றாராமே, மூன்று மணி என்று வைத்துக்கொள்ளக் கூடாதா அப்பா, என்று கேட்டிருந்தான்.

பத்து மணி என்று ஏற்கெனவே முடிவு செய்து ஹில்டாவுக்கு எழுதியது லாசரஸ். "நம்ம வீட்ல எந்தக் கல்யாணம்டா மத்தியானம் நடந்திருக்கு?" என்று அந்தக் கடுதாசியைப் பார்த்தே கேட்டார்.

இந்தச் சமயத்தில்தான் குப்புராஜ் வந்து சேர்ந்தான். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. தினம் காலையில் லாசரஸ் ஏறுகிற அதே பெட்டியில் ஏறுவான். விமானக் கம்பெனிகள் அச்சடிக்கிற நேர அட்டவணைப் புத்தகம் ஒன்று கிடைக்குமா என்று லாசரஸ் சும்மா கேட்டு வைத்திருந்தார்.

"சார், நீ கேட்டியே பிளேன் டைமு, இந்தா கீது" என்று மறுவாரம் நீட்டினான் குப்புராஜ். "பழசுன்னு தூக்கிக் கடாசிட்டாங்கோ. ஒரு பக்கம் கிழிஞ்சிகீது, பரவால்லியா?"

கிழிந்திருந்தது லண்டனிலிருந்து பிராங்பர்ட் போகிற பக்கம். திரும்பி வருகிற பக்கம் முழுசாக இருந்தது. லாசரஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிராங்பர்ட்டில் புறப்படுவது மாலை ஐந்து பத்து. லண்டன் வந்து சேர்வது ஐந்து நாற்பத்தைந்து. இன்னொரு தரம் பார்த்தார். முப்பத்தைந்தே நிமிஷம். போகிற நேரம்தானே வருகிற நேரமும்? தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு எவ்வளவோ, பீச்சிலிருந்து தாம்பரத்துக்கும் அவ்வளவுதான். எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஆயுசைக் கழித்தவருக்கு இதில் சந்தேகம் வர நியாயமே இல்லை.

"முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றார் உரக்க. "இந்தா, நம்ம தாம்பரத்துலேர்ந்து கோடம்பாக்கம்."

குரோம்பேட்டையில் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த தோத்தாத்ரி பேப்பரை மடித்தார். துறைமுகத்தில் வேலை, வாய் நீளம். "என்ன ஓய், யாருக்குக் கோடம்பாக்கம்?"

லாசரஸ் சொன்னார். பெண் கல்யாணம், மகன் வரமுடியாது என்று எழுதியது, மத்தியானத்துக்கு மேல்தான் போய்ச் சேருவேன் என்று அளந்தது, எல்லாவற்றையும் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"கோடம்பாக்கத்துல அக்கா கல்யாணம், தாம்பரத்துலேர்ந்து வரமுடியாதுங்கறானா?" என்றார் தோத்தாத்ரி. "நன்னாயிருக்கு உம்ம பிள்ளை."

"காலைல ஏழு மணிக்கு ஷிப்ட் முடியுது. எட்டரைக்கு ஏறினா ஒன்பது அஞ்சுக்கு அங்கே. முகம் கழுவிச் சட்டை மாத்தக்கூட நேரம் இருக்கு. இவன் என்கிட்டயே ரயில் விடுறான்."

"பிளேனு பறக்கற ஸ்பீடு உனக்குத் தெரியாது சார், ஜெட்டு" என்று குப்புராஜும் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினான். அத்தோடு தீர்ந்தது. மீனம்பாக்கம் வருவதற்குள் சீலன் பொய்யன் என்று பெட்டியே தீர்மானம் நிறைவேற்றிவிட்டது.

அன்று மத்தியானம் ஆபீஸிலேயே உட்கார்ந்து மகனுக்குக் கடுதாசி எழுதினார். முப்பத்தைந்து நிமிஷப் பயணத்துக்கு மூக்கால் அழுகிறவனை நான் பெற்றிருக்க வேண்டாம், பத்து மணிக்கு நீ அந்தச் சர்ச்சில் இல்லையென்றால் இனிமேல் எனக்கு அப்பா என்று எழுதாதே. இவ்வளவும் எழுதி, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து தபீதாளிடம் சொன்னார்.

"ஏங்க இப்படி எழுதினீங்க?" என்று அவள் கேட்டபோது, "சொன்னா சொன்னதுதான்" என்று மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். சீலனிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் தபீதாள் வாசலுக்கு வருவதும், லாசரஸ் வராததுபோல் வருவதுமாக இருந்தது.

ஜனவரி இருபத்தாறு. குடியரசு தினம், ஆபீஸ் லீவு. தேர்தல் சமயம் வேறு, தெருமுனையில் ஒலிபெருக்கி காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாளில் கல்யாணம். பிராங்பர்ட்டில் கல்யாணம் நடக்கிற அதே நேரத்தில் இங்கே வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்து, வந்தவர்களுக்குக் கேக்கும் காப்பியும் கொடுப்பது என்று ஏற்பாடு. லாசரஸ் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு யார் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த தபீதாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. பத்தரை மணி.

இது தினம் நடக்கிற காரியம்தான். ஆனால் வேலை நாட்களில் லாசரஸ் அந்த நேரத்துக்கு வீட்டில் இருந்தால்தானே.

"யாருக்கு இந்த நேரத்துல ஜெபம்?" என்றார், அவள் கண் திறந்ததும்.

"ஹில்டாவுக்கு. இப்பதான் எழுந்திருப்பா. அங்கே காலைல ஆறு மணி."

"சரி, சரி. சனிக்கிழமை எத்தனை மணிக்கு எல்லாரையும் வரச்சொல்லலாம்? அங்கே பத்துன்னா நமக்கு மூணரை. லண்டன் ரேடியோக் கணக்கு எனக்குத் தெரியும், அஞ்சரை மணி வித்தியாசம்."

"மூணரை இல்லைங்க, ரெண்டரை. அவங்க ஊர்ல பத்துன்னா நமக்கு ரெண்டரை. மூணரைன்னா அது சீலனுக்குப் பத்து."

"எல்லாம் ஒரே சீமைதானே."

"ஒரே சீமைன்னா நான் எதுக்கு ரெண்டு தரம் ஜெபம் பண்றேன்?" என்றாள் தபீதாள். "பத்தரைக்கு அவளுக்கு, பதினொன்றரைக்கு அவனுக்கு. ரெண்டு பேருக்கும் அவங்கவங்க ஊர்ல ஆறு அடிக்கும்போதுதான் ஜெபம். ஆனா அவனுக்கு ஒரு மணி நேரம் கழிச்சுதான் ஆறு அடிக்கும். ராத்திரி வேலை பார்த்துட்டு நிக்கிற பிள்ளை, அவனுக்கு எப்பவுமே எல்லாம் லேட்டுதான்."

லாசரஸ் ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹில்டாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் விடிகிறது. அப்படியானால் பிராங்பர்ட்டில் ஐந்து பத்து என்றால் லண்டனில் நாலு பத்து. நாலு பத்துக்குப் புறப்பட்டு ஐந்து நாற்பத்தைந்துக்கு வந்து சேர்ந்தால்? விமானம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. முப்பத்தைந்து நிமிஷமாகத் தெரிந்தது, வழியில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்ததால். போகும்போதோ அதே ஒரு மணி நேரம் கூடிக்கொள்ளும். எட்டரைக்கு ஏறினால் பதினொன்று ஐந்துக்குத்தான் இறங்கலாம். ஏர்போர்ட்டிலிருந்து சர்ச்சுக்குப் போய்ச் சேர மத்தியானம்தான். அவன் எழுதியது எழுத்துக்கு எழுத்துச் சரி.

எழுந்து போய், சீலன் பள்ளிக்கூடத்தில் படித்த அட்லஸைப் பரணிலிருந்து இறக்கினார். தபீதாளின் தையல் நூலை எடுத்து லண்டனுக்கும் பிராங்பர்ட்டுக்கும் நடுவில் பிடித்து, பக்கத்தின் அடியில் போட்டிருந்த அளவுகோலில் வைத்தார். ஏறத்தாழ நானூறு மைல். திருநெல்வேலிக்குப் போகிற தூரம். வருஷாவருஷம் மூட்டை முடிச்சோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, முதுகு ஒடிந்து, புழுதியும் புகையுமாகப் போய் இறங்குகிற தூரம். அதைப் போய்க் கோடம்பாக்கம் என்று சொல்லிவிட்டோமே என்று நினைத்தபோது மனுஷனுக்குக் கூசிப்போயிற்று.

"தபீதா," என்றார். "பிள்ளை பொய் சொல்லலை. நான்தான் முட்டாள்தனமா எழுதிட்டேன்."

அவள் குழம்பை இறக்கி வைத்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். "அப்ப உக்காந்துட்டே இருக்கீங்களே, போய் ஒரு தந்தி அடிங்க" என்றாள்.

உள்ளூர்த் தபாலாபீஸ் லீவு. லாசரஸ் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். பாரிமுனைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய தந்தி ஆபீஸில் இரண்டு தந்தி கொடுத்தார். ஒன்று ஹில்டாவுக்கு: கல்யாணத்தை மூன்று மணிக்கு மாற்று, தம்பி வருவதற்கு நேரம் வேண்டும். அடுத்தது சீலனுக்கு. அதற்குத்தான் பேனா நகரவில்லை. எழுதி அடித்து, எழுதி அடித்து, கடைசியில், நீ சொன்னது சரி, நான் எழுதியது தப்பு, முடிந்தால் வா, அப்பா, என்று முடித்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வார்த்தையை வாபஸ் வாங்கியிருந்தார். அதை வாங்கிக்கொண்ட கிளார்க் கொட்டாவி விட்டபடி வார்த்தைகளை எண்ணினான்.

மறுநாள் ரயிலில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் அவராகவே ஆரம்பித்தார். "தோத்தாத்ரி, என் பையனைப் பத்தி அன்னிக்குச் சொன்னேனே. அத்தனையும் தப்பு. அந்த ரெண்டு ஊருக்கும் மணியே வேற. நான் ஒழுங்கா பார்க்கலை."

தோத்தாத்ரி கேலி செய்வார் என்றுதான் எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நானும் சேர்ந்து தாளம் போட்டேனே ஓய்" என்றார்.

"அட வுடு சார், பேஜார் பண்ணிக்காத" என்றான் குப்புராஜ். "அந்தப் புக்கை எட்த்தாந்து குட்த்ததே நானு. புள்ள வந்துடும் பாரு."

வருவானா என்பதுதான் லாசரஸின் கேள்வியும். அப்பா என்று எழுதாதே என்று சொன்ன வாய்க்கு ஒரு தந்தி போதுமா? நாமாக இருந்தால் போவோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். போகமாட்டோம் என்று தெரிந்தது. அதுதான் அவரைத் தின்றது.

சனிக்கிழமை மாலை ஏழரைக்கு ஜெபம். அங்கே மூன்று மணி. குப்புராஜும் தோத்தாத்ரியும்கூட வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். பாஸ்டர் மணமக்களுக்காக உருக்கமாக ஜெபித்தார். லாசரஸ் காதில் ஒன்றும் விழவில்லை. பீடத்துக்கு நடந்து போகிற மகளின் பக்கத்தில் யாராவது இருக்கவேண்டுமே என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் அவர் கர்த்தரிடம் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு டாக்டர் சாவித்ரி ஆள் அனுப்பினார். அந்தத் தெருவில் அவர் வீட்டில்தான் போன் இருந்தது. ஹில்டா டிரங்கால் போடுவதாக ஏற்கெனவே எழுதியிருந்ததால் சாவித்ரி காத்திருந்தார். லாசரஸும் தபீதாளும் போட்டது போட்டபடி ஓடினார்கள்.

"அப்பா, கேக்குதா?" ஹில்டாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. தம்பி வந்துட்டான்ப்பா. அவன்தான் கூட்டிட்டுப் போனான்."

"எந்தப் பிளேன்ல வந்தான்?" என்று கத்தினார் லாசரஸ்.

"பிளேன்ல வரலைப்பா. கப்பல்ல, ரயில்ல வந்தான். லீவு தரலைன்னதும் வேலையை விட்டுட்டு, பிளேனுக்குக் காசு பத்தாம, வியாழக்கிழமை காலைலயே கிளம்பியிருக்கான். கடல் மோசமாம், கப்பல் ஒரு நாள் கிளம்பவே இல்லையாம். எப்படியோ சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல சர்ச்சுக்கு வந்து சேர்ந்துட்டான். மூணு மணின்னு மாத்தினது அவனுக்குத் தெரியாது. யாரையும் காணலைன்னதும், இவ்வளவு தூரம் வந்தும் கல்யாணம் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சு அந்தக் குளிர்ல பெஞ்சுல உக்காந்து அழுதிருக்கான். பாதிரியார் சம்சாரம் பார்த்து சூப் கொடுத்து எனக்குச் சொல்லி அனுப்பினாங்க. இருங்க, அவன்கிட்ட கொடுக்கிறேன்."

கொஞ்சம் கரகரப்பு. பிறகு, "அப்பா" என்றான் சீலன்.

அந்த ஒரு வார்த்தையை இனிமேல் எழுதாதே என்றவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். "உனக்கு ஒரு தந்தி அடிச்சேன்டா."

"நான் கிளம்பினப்புறம் வந்திருக்கும்ப்பா. பாக்கலை. என்ன விஷயம்?"

காகிதத்தில் எழுதியது போதாது என்று ஆகிவிட்டது. சாவித்ரி, அவர் வீட்டு வேலைக்காரி, வாசலில் எட்டிப்பார்க்கிற தெருக்காரர்கள், அத்தனை பேருக்கும் நடுவில் லாசரஸ் சத்தம் போட்டுச் சொன்னார்: "நீ சொன்னதுதான் சரி சீலா. நான் தப்பா எழுதிட்டேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதடா."

"வேலை போனா என்னப்பா, வேற பாத்துக்கலாம்" என்றான் அவன், கேட்காத கேள்விக்கு.

லாசரஸுக்கு எத்தனையோ கேட்கவேண்டியிருந்தது. வழியில் சாப்பிட்டானா, கப்பலில் எங்கே படுத்தான், குளிருக்கு என்ன போட்டுக்கொண்டான்.

"ரொம்ப தூரமாடா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லப்பா" என்றான் சீலன். "கிட்டத்தான்."

லாசரஸ் ரிசீவரைத் தபீதாள் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் வீட்டு ஹாலில், எல்லாரும் பார்க்க, நின்றபடியே அழுதார்.